கடைசி மாதத்துப் பூசணியும் வேலி தாண்டி வரும் ஈயும்

காலபோகத்துக்குப் போட்ட பூசணிக்கு இது கடைசி மாதம். ஐப்பசி மழையோடு விதை ஊன்றியவர்களுக்குத் தை பிறக்கும்போது முதற்காய்கள் முற்றத் தொடங்கும். பிந்தியவர்களுக்கு மாசி வரை இழுபடும். கொடி நிலத்தை மூடிவிட்டது, களை எடுப்பு முடிந்தது, பசளையும் வைத்தாயிற்று, இனிக் காய் தானாக முற்றும் என்று பலரும் தோட்டத்துக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளும் நேரமும் இதுதான். வன்னியில் நான் கண்ட பூசணி இழப்புகளில் பெரும்பகுதி இந்த மாதத்தில் நடந்தவை. அதிலும் பெரும்பகுதி ஒரேயொரு ஈயினால் நடந்தவை.

யானை, பன்றி, குரங்கு, மயில் எல்லாம் வேறு கதை. அவற்றைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் இந்தக் கட்டுரை முடியாது. பூச்சிகளை மட்டும் பார்ப்போம்.

மீள்குடியேறிய காலம் தொட்டு நான் பூசணி போட்டு வருகின்றேன். நெல்லைப் போல வயலும் வாய்க்கால் தண்ணீரும் கேட்காத பயிர் இது. மிளகாயைப் போல நாளாந்தம் ஆள்கூலியும் கேட்காது. நன்றாக முற்றிய காயைக் கூரைக்குக் கீழே வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சந்தையில் விலை விழுந்தால் பொறுத்திருந்து விற்கலாம், விற்காவிட்டாலும் பிள்ளைகளுக்குக் கறியாகும். எங்கள் பக்கத்தில் பெண்கள் தனியாக நின்று குடும்பம் நடத்தும் வீடுகள் பல. அந்த வீடுகளில் கையில் முதல் இல்லாமல் தொடங்கக்கூடிய ஒரு சில பயிர்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் கடைசி மாதத்தில் மருந்துக்கடைக்கு ஓடி, கடனுக்குப் போத்தல் வாங்கி, காய் விற்று வரும் காசை அதற்கே கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அந்தப் போத்தலால் காப்பாற்ற முடியாத காய்களுக்காகவே அந்தச் செலவு நடக்கின்றது.

முதலில், எந்தப் பூச்சியை விட்டுவிடலாம் என்பதைச் சொல்கின்றேன். அறுவடைக்கு இரண்டு, மூன்று கிழமை இருக்கும்போது இலையில் ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. காய் ஏற்கெனவே பருத்துவிட்டது. இலையின் ஒரு பகுதி போனாலும் மிச்ச இலை அதை முற்ற வைக்கும். இலைக்கு அடியில் அசுகுணியோ வெண் ஈயோ இருந்தால் சவர்க்காரத் தண்ணீரைத் தெளிக்கலாம். அவை பரப்பும் வைரசு நோய் இளங்கொடிக்குத்தான் பெரிய ஆபத்து. முற்றிய காய் நிற்கும் கொடிக்கு அவ்வளவு இல்லை. இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டைக் கையால் பிடித்து நசுக்கலாம். ஆனால் புள்ளியுள்ள வண்டெல்லாம் எதிரியல்ல. மினுமினுப்பான முதுகுள்ள சின்னப் பொறிவண்டு அசுகுணியைத் தின்று எங்களுக்கு உதவுவது. மங்கலான, மெல்லிய மயிர் படர்ந்த முதுகில் நிறையப் புள்ளிகள் உள்ளதுதான் இலை தின்னி. கடும் மருந்து அடித்தால் முதலில் போவது நல்லதுதான்.

இனி அந்த ஈக்கு வருவோம். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களில் பழ ஈ என்று இருக்கும். எங்கள் சனம் ‘ஈ குத்திப்போட்டுது’ என்று சொல்வது இதைத்தான். வீட்டு ஈயின் அளவுதான் இருக்கும். செம்பழுப்பு உடல், முதுகில் மஞ்சள் கோடுகள், இறக்கையில் கருமையான பட்டை. முதலில் பார்ப்பவர் சின்னக் குளவி என்றுதான் நினைப்பார். மாம்பழத்தைக் குத்தும் ஈயும் இதுவும் உறவு, ஆனால் ஒன்றல்ல. இது பாகல், புடோல், பீர்க்கு, வெள்ளரி, பூசணி என்று கொடிக் குடும்பத்தையே தேடிப் போவது.

பெண் ஈயின் வாற்பகுதியில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனால் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டைகளை இறக்கும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைக் குடைந்து தின்னும். ஒரு கிழமையளவில் புழு வளர்ந்து, காயை விட்டு வெளியே வந்து, மண்ணுக்குள் ஒன்று இரண்டு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். இன்னும் ஒன்றரைக் கிழமையில் அது புது ஈயாக எழும்பும். எங்கள் வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈ வரை எல்லாமாக மூன்று கிழமைக்குச் சற்று முன்பின். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் பல நூறு முட்டைகள் இடக்கூடியது. கார்த்திகையில் நாலு பிஞ்சு விழுந்த தோட்டத்தில் தை மாதம் நாற்பது பிஞ்சு விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

விழுந்த பிஞ்சை வெட்டிப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் குறைவு. ‘வெம்பி விழுந்திட்டுது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மகரந்தம் சேராத பிஞ்சும் விழும்தான். அது நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும், வெட்டினால் உள்ளே புழு இருக்காது. ஈ குத்திய பிஞ்சில் குண்டூசி முனையளவு புள்ளியும், அதிலிருந்து வடிந்து காய்ந்த பிசினும் தெரியும். அந்த இடம் உள்வாங்கிக் காய் கோணலாகும். வெட்டினால் வெண்மஞ்சள் நிறப் புழுக்கள். வளர்ந்த புழுவை வெறும் தரையில் போட்டால் உடலை வளைத்துத் துள்ளும். வேறு புழுக்களிலிருந்து இதைப் பிரித்தறிய அந்தத் துள்ளல் போதும்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மச்சாள் வீட்டின் பின்வளவில் பூசணி வளர்க்கின்றாள். ஆள் ஏறி உட்காரக்கூடிய இராட்சதப் பூசணி. நோவா ஸ்கோசியா மாநிலத்தில் ஹவார்ட் டில் என்ற விவசாயி பல ஆண்டுகள் தெரிவு செய்து உருவாக்கிய ‘அத்திலாந்திக் ஜயன்ற்’ என்ற இனம். கொடிக்கு ஒரு காய் மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் கிள்ளி, அந்த ஒன்றுக்குக் குடையும் போர்வையும் பிடிப்பார்கள். அங்கேயும் கடைசிக் காலத்தில் பூச்சித் தொல்லை உண்டு: தண்டைக் குடையும் புழு, மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட வண்டு, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. ஆனால் ஒக்ரோபரில் உறைபனி விழுந்ததும் கொடி கருகிவிடும், பூச்சியும் அடங்கிவிடும். ‘உங்களுக்கு விண்டர் இல்லாதது எவ்வளவு நல்லது’ என்று தொலைபேசியில் சொன்னாள். பூசணிக்காரனுக்கு அது நல்லதல்ல. எங்கள் ஈக்கு ஓய்வு மாதம் இல்லை. பூசணி முடிந்தால் பாகலுக்குப் போகும், பாகல் முடிந்தால் வெள்ளரிக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் பற்றைக்குள் படர்ந்திருக்கும் கொவ்வைக்கு.

மருந்து ஏன் உதவுவதில்லை என்பதும் இந்தச் சுற்றைப் பார்த்தால் விளங்கும். முட்டையும் புழுவும் காய்க்குள். கூட்டுப்புழு மண்ணுக்குள். தெளிக்கும் மருந்து இரண்டு இடத்துக்கும் போய்ச் சேராது. எஞ்சியிருப்பது பறக்கும் ஈ. அதுவும் பூசணித் தோட்டத்தில் குடியிருப்பதில்லை. நாளின் பெரும்பகுதியை வேலியிலும் உயரமான செடிகளிலும் நிழலில் கழித்துவிட்டு, முட்டையிட மட்டும் தோட்டத்துக்குள் வந்து போகும். ஆகவே கொடி முழுவதும் மருந்தை ஊற்றுபவர், ஈ இல்லாத இடத்தில் ஊற்றுகின்றார். அங்கே இருப்பது தேனீ. பூசணியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் பறக்காது. காலையில் சில மணி நேரம் விரியும் பூவில் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும்.

டைமெத்தோயேற், பெந்தியன் என்று பழைய பெயர்களைச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். இந்த இரண்டையும், களைகொல்லியான பரகுவாற்றையும் 2008 இற்கும் 2011 இற்கும் இடையில் இலங்கையில் படிப்படியாகத் தடை செய்தார்கள். தோட்டத்துக்கு வாங்கிய போத்தல் வீட்டுக்குள் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதுதான் அதற்குக் காரணம். எங்கள் ஊர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தடை செய்யாத மருந்தாக இருந்தாலும் கடைசி மாதத்தில் அதற்கு இன்னொரு கணக்கு உண்டு. அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையில் விட வேண்டிய நாட்கள் லேபிளில் இருக்கும். இன்று அடித்து நாளை மறுநாள் சந்தைக்கு ஏற்றுபவர், அந்த நஞ்சை வாங்குபவரின் சட்டிக்கு அனுப்புகின்றார்.

அப்படியானால் என்ன செய்வது? விழுந்ததைப் பொறுக்குவது. இதைவிடப் பெரிய வைத்தியம் இந்த ஈக்கு இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை வாளியோடு போய், விழுந்த பிஞ்சு, கொடியில் நிற்கும் குத்துப்பட்ட காய், கோணல் காய் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒரு கிழமை விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு பொறுக்குவது வெறுங்கோதைத்தான். எடுத்ததை வேலியோரம் எறிவதால் ஒரு பயனும் இல்லை. குப்பைக் கிடங்கில் போட்டாலும் புழு அங்கிருந்தே மண்ணுக்குள் போகும்.

புத்தகங்கள் ஆழக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லும். அரை மீற்றருக்கு மேல் ஆழமாக வெட்டி, மண்ணை நன்றாக மிதித்து இறுக்கினால் ஈ எழும்பி வராது என்பது சரிதான். குழி வெட்டுவது எங்களுக்குப் புதிதும் அல்ல. ஆனால் எங்கள் மண்ணில் கண்ட இடத்தில் ஆழத் தோண்டலாம் என்று நான் எழுதமாட்டேன். கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணியிலும், வழமையாகக் கொத்திப் பயிர் செய்த இடத்தைத் தவிர வேறு மூலையில் அலவாங்கை இறக்க வேண்டாம். சந்தேகமான பொருள் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஒரு பூசணிப் பிஞ்சுக்காக அந்த ஆபத்து வேண்டாம், ஏனென்றால் குழியில்லாத வழி இருக்கின்றது. தடித்த கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, நல்ல வெயிலில் இரண்டு கிழமை விடுங்கள். உள்ளே வெந்துவிடும். பை கிழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாடு, ஆடு இருந்தால் அன்றைக்கே வெட்டிப் போட்டுத் தின்ன விடலாம். மிச்சத்தைத் தொழுவத்தில் கிடக்க விடக்கூடாது.

நல்ல பிஞ்சுகளைக் காப்பதற்கு மூடுவதே வழி. ஈ தேடுவது இளந்தோலை. பூ வாடியதிலிருந்து முதல் இரண்டு மூன்று கிழமைதான் பெரிய ஆபத்து. தோல் நகத்துக்கு மசியாத அளவுக்கு இறுகிய பிறகு, வெடிப்போ காயமோ இல்லாத காயை அது இலகுவில் குத்த முடியாது. எனவே மகரந்தம் சேர்ந்த மறுநாளே பழைய பத்திரிகையில் செய்த பையைப் பிஞ்சுக்குப் போட்டு, காம்பைச் சுற்றித் தளர்வாகக் கட்டலாம். காய் பெருக்கக் கடதாசி கிழியும், அப்போது பழைய சேலைத்துண்டுக்கு மாற்றலாம். கிழிந்த நுளம்பு வலை வீட்டில் இருந்தால் நாலு தடி ஊன்றி, வலை காயில் படாமல் மூடுங்கள். பட்டால் கண்ணுக்குள்ளால் குத்தும். பொலித்தீனால் காயை மூடுவது வேண்டாம், வேர்த்து அழுகும். எல்லாக் காய்க்கும் இது முடியாது என்பது தெரியும். கொடிக்கு இரண்டு நல்ல காயைத் தெரிந்து அவற்றுக்காவது செய்யலாம்.

இன்னொன்றும் செய்ய வேண்டும், பலருக்கு இதற்கு மனம் வராது. பூ விரிந்து காய் முற்ற ஏறத்தாழ ஒன்றரை மாதம் வேண்டும். மழை ஓய்ந்து, மண் காயும் நாளை மனதில் வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். அதற்குப் பிந்திப் பிடிக்கும் பிஞ்சு உங்களுக்கான காயல்ல, ஈக்கான தொட்டில். கொடி நுனியையும் பிந்திய பிஞ்சையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். புழு விழாத பிஞ்சு கறிக்கு ஆகும், பூவும் தளிரும் வறைக்கு ஆகும்.

பொறி வைப்பதைப் பற்றிப் பலர் கேட்கின்றார்கள். மாமரத்தில் தொங்கவிடும் பொறியை அப்படியே பூசணிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஈ விழவில்லை என்பார்கள். மாம்பழ ஈயை இழுக்கும் மெதைல் யூஜினோல் வாசனைக்குப் பூசணி ஈ வராது. அதற்குக் கியூ-லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் ஆண் ஈதான் விழும். எவ்வளவு ஈ நடமாடுகின்றது என்று அறியவும் தொகையைக் குறைக்கவும் உதவும், ஆனால் முட்டையிடும் பெண் வெளியே இருக்கும்.

பெண் ஈயை இழுப்பது புரதம். முட்டை முற்ற அதற்குப் புரதம் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வரும் பொறி ஒன்று கருவாட்டுத் தூளில் செய்வது. சிறு துளைகள் இட்ட பொலித்தீன் பையில் நனைத்த கருவாட்டுத் தூளும் சொட்டு நஞ்சும் வைக்கச் சொல்வார்கள். நஞ்சில்லாமலும் செய்யலாம். தண்ணீர்ப் போத்தலின் மேற்பக்கத்தில் ஈ நுழையும் அளவுக்கு நாலைந்து துளை போட்டு, அடியில் சவர்க்காரத் தண்ணீரும், உள்ளே துணியில் முடிந்த ஒரு பிடி நனைத்த கருவாட்டுத் தூளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தூளை நனைத்து, கிழமைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்ட வேண்டிய இடம் தோட்டத்தின் நடு அல்ல, ஈ தங்கும் வேலியோரம். ஹவாய்த் தீவுகளில் இந்த ஈயின் பழக்கத்தைக் கவனித்தவர்கள், தோட்ட ஓரத்தில் இரண்டு வரி சோளம் நட்டு, ஈ அதில் வந்து தங்கும்போது இரை கலந்த மருந்தைச் சோளத்துக்கு மட்டும் தெளித்தார்கள். பூசணிக்கு ஒரு துளியும் இல்லை. அடுத்த போகத்துக்கு ஓரத்தில் சோளம் போட நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும் செய்த பிறகும் ஈ வரும். ஏனென்றால் வேலிக்கு அப்பால் வெறுங்காணி. எங்கள் கிராமங்களில் அப்படியான காணிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில், சொந்தக்காரர் இல்லை, உறுதி தொலைந்து வழக்கில் கிடக்கின்றது, இன்னும் விடுவிக்கவில்லை. அங்கெல்லாம் பற்றை ஏறி, பற்றைக்கு மேல் கொவ்வை படர்ந்து, கவனிப்பார் இல்லாமல் காய்த்துப் பழுக்கின்றது. கொவ்வைக்காய் இந்த ஈக்கு நல்ல தாய்வீடு. போர் விட்டுச்சென்ற வெறுமைக்குள் ஈ குடும்பம் நடத்தி, குத்துவதற்கு எங்கள் தோட்டத்துக்கு வருகின்றது. சில கிலோமீற்றர் பறக்கக்கூடிய பூச்சிக்கு வேலி ஒரு பொருட்டல்ல.

ஆகவே தனியொருவர் பொறுக்கினால் பாதிப் பயன்தான். ஒரு ஒழுங்கையில் உள்ள ஏழெட்டு வீடுகள் ஒரே நாளில் பொறுக்கினால்தான் வித்தியாசம் தெரியும். எங்கள் ஒழுங்கையில் செவ்வாயும் வெள்ளியும் என்று பேசி வைத்திருக்கின்றோம். வெளிநாட்டில் இருப்பவரின் காணியென்றால் தொலைபேசியில் கேட்டுவிட்டு, வேலியோரத்துக் கொவ்வையில் காய்ப் பிடிக்கும் கொடியை மட்டும் அறுத்துவிடுகின்றோம். இலை வறைக்கு வேண்டும் என்பவர்கள் தங்கள் வளவுக்குள் ஒன்றை வைத்திருக்கலாம். இதை வாசிக்கும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அயலவர் அப்படிக் கேட்டால் காணி பிடிக்கப் பார்க்கின்றார்கள் என்று நினைக்காதீர்கள். பாதை தெரியாத, துப்புரவாக்கப்பட்டது என்று உறுதியில்லாத காணிக்குள் மட்டும் யாரும் இறங்கக்கூடாது. கை எட்டும் வேலியோரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊர் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு யப்பானின் ஒகினாவாத் தீவுகள் சாட்சி. 1945 இல் நடந்த போரில் பொதுமக்கள் பெருந்தொகையாக மடிந்த மண் அது. அங்கும் இதே ஈ. ஈ பரவிவிடும் என்ற அச்சத்தால் அவர்களின் பாகற்காயை யப்பானின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்பத் தடை இருந்தது. 1972 இல் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் கவர்ச்சிப் பொறியால் ஆண் ஈக்களைக் குறைத்தார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் ஈயை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட ஈக்களைத் தீவு தீவாகப் பறக்கவிட்டார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிக்காது. குமே என்ற சின்னத் தீவு 1978 இல் ஈயற்ற தீவானது, 1993 இல் ஒகினாவா முழுவதும். இருபது ஆண்டுகளுக்கு மேலான வேலை, அரசாங்கத்தின் பெரும் பணம். எங்களிடம் அந்தப் பணம் இல்லை. ஆனால் காணிக்குக் காணி அல்ல, பரப்பு முழுவதற்கும் சேர்த்து என்ற அவர்களின் கணக்கு எங்கள் ஒழுங்கைக்கும் பொருந்தும்.

மண்ணில் கிடக்கும் காய்க்கு இன்னோர் ஆபத்து. நாற்றுப் பருவத்தில் இலையைத் தின்ற செம்மஞ்சள் வண்டின் புழு மண்ணுக்குள் இருக்கும். ஈரமண்ணில் படும் காயின் அடியை அது துளைக்கும், துளை வழியே அழுகல் ஏறும். காய்க்கு அடியில் வைக்கோலோ, காய்ந்த பனையோலையோ, தேங்காய்ப் பொச்சோ வைத்தால் போதும். காயைத் தூக்கும்போது காம்பு முறுகாமல் இரு கையாலும் மெல்லத் தூக்குங்கள்.

காம்பு காய்ந்து தக்கை போலாகி, நகம் இறங்காத தோல் வந்ததும் வெட்டலாம். மூன்று நாலு அங்குலக் காம்போடு வெட்டி, காம்பில் பிடித்துத் தூக்காமல், ஒரு கிழமை காற்றோட்டமான இடத்தில் உலர விடுங்கள். சேமிக்கும் குவியலில் பிசின் புள்ளியுள்ள காய் ஒன்றுகூடச் சேரக்கூடாது. அதை அன்றைக்கே வெட்டி, நல்ல பாகத்தைச் சமைத்துவிடுங்கள். அறுவடை முடிந்த அன்றே கொடியை இழுத்து, மிச்சப் பிஞ்சோடு பையில் கட்டுங்கள். பிறகு மேல்மண்ணை இரண்டு மூன்று அங்குலம் கிளறி, கோழிகளை உள்ளே விடுங்கள். கூட்டுப்புழுவைத் தேடித் தின்பதில் அவற்றுக்கு நிகர் இல்லை. அந்தப் பக்கத்தில் அண்மையில் மருந்து அடித்திருந்தால் மட்டும் கோழியை விட வேண்டாம்.